புத்தகத்தில் இல்லாத வகுப்பு

1

எங்கள் பேத்தி இனியா தன் பள்ளிக்காகக் குடும்ப மரம் ஒன்று வரைந்தாள். வேரில் நானும் என் மனைவி ருக்மணியும், தண்டில் எங்கள் மகள் கலைவாணியும் மருமகனும், உச்சியில் ஒற்றை இலையாக அவள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த இடத்தை எழுத வேண்டும் என்பது பள்ளியின் ஏற்பாடு. என் பெயருக்குக் கீழே, உத்திரமேரூர் அருகே, சந்நிதித் தெரு என்று வண்ணப் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

நான் சந்நிதித் தெருவில் பிறந்தவனல்லன். எங்கள் ஊரில் ஏரிக்கு இக்கரையில் பெருமாள் கோயிலும் நிலமுடையவர்களின் வீடுகளும் உள்ளன. அந்த நிலங்களில் கூலிக்கு இறங்குபவர்களின் காலனி அக்கரையில் இருக்கிறது. நான் அக்கரையில் பிறந்தவன்.

பேத்திக்குச் சந்நிதித் தெருவைச் சொன்னவள் கலைவாணி. அச்சொல் அவளிடமிருந்து முதன்முதலில் வெளிப்பட்ட நாளும் எனக்கு நினைவிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில் மகள் வீட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்த முதல் மாதம், தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் வரதராஜன் என்பவர் என்னிடம் வந்தார். "ஐயா உத்திரமேரூர் பக்கமா? நானும் அந்தப் பக்கந்தான், பக்கத்து ஊரு. உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் மகள், "சந்நிதித் தெரு" என்றாள். நான் மறுக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக நாங்கள் சந்நிதித் தெருக்காரர்கள்.

இப்போது சங்கத்தின் மார்கழி விழாவில் பாசுரம் பாடும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாடுவோரின் பெயர், ஊர், தெரு, பாடப்போவது என்ன என்று நான்கு கட்டங்கள் கொண்ட தாள் ஒன்று வீட்டுக்கு வந்தது. பாடுவதற்கு முன் அதை ஒலிவாங்கியில் வாசிப்பார்களாம். நான் பார்க்கும்போதே மகள் அதைப் பேனாவால் நிரப்பி வைத்திருந்தாள். பெருமாளின் முன் நின்று, பொய்யான தெருவின் பெயரால் அறிமுகம் செய்யப்பட்டு, நான் பாட வேண்டும். பாடுவதா, விடுவதா என்ற கேள்விக்கு விடை கிடைத்த வகையைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த விடை நான் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து, பகடை உருட்டும் மேசையொன்றிலிருந்து வந்தது.

2

வியாழக்கிழமைகளில் நூலகத்தில் முதியோருக்கு ஆங்கிலப் பயிற்சி உண்டு. அங்கே எங்களை வேடமேற்றுப் பேச வைப்பார்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி. ஒருவர் அஞ்சலக ஊழியர், ஒருவர் தபால்தலை வாங்க வந்தவர். இதற்கு ரோல் பிளே என்று பெயர்.

சென்ற ஆண்டு ஒரு வியாழனன்று வழக்கமான அறை பூட்டியிருந்தது. அடுத்த அறைக் கதவில், ரோல் பிளே, இரண்டு மணி, அனைவரும் வருக என்று எழுதியிருந்தது. உள்ளே சென்று அமர்ந்தேன். மேசையில் பல முகங்கள் கொண்ட பகடைகளும் தடித்த புத்தகம் ஒன்றும் இருந்தன. ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஜோன் என்ற அம்மையாரும், இறைச்சிக் கடை வைத்திருக்கும் டேவ் என்பவரும் எதிரெதிரே இருந்தனர். டேவ் ஆறடி உயரம். அவர் தம் தாளைக் காட்டி, தாம் ஒரு குள்ளன் என்றார். மருத்துவர் வேடத்தை விட்டுவிட்டார்கள், பாடத்திட்டம் மாறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அது ஒரு விளையாட்டு என்பது அரை மணி நேரம் கழித்தே புரிந்தது. ஒவ்வொருவரும் தாளில் ஒரு மனிதரைப் படைத்துக்கொள்கிறார்கள். ஜோன் ஒரு நாட்டின் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார். இடையிடையே, இப்போது உங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று கேட்கிறார். செய்ய முயல்வது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. சீட்டும் கிடையாது, பணமும் கிடையாது.

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே பெயருக்கான கட்டம். நூலக அட்டையைப் பார்த்து டேவ் அதை நிரப்பினார்: கோவிந்தன் கோவிந்தன். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையை இந்நாட்டுக் கணினி ஏற்கவில்லை. ஆகவே ஓர் அலுவலர் அதே பெயரை இரண்டாம் முறையும் அடித்துவிட்டார். அன்று முதல் மின்கட்டணச் சீட்டு வரை எல்லாம் அப்படியே வருகின்றன. பெருமாளின் பெயரை இருமுறை சொல்ல வைத்த அலுவலகத்தை நான் குறை கூற மாட்டேன்.

பெயருக்குக் கீழே மூன்று கட்டங்கள்: இனம், வகுப்பு, பின்புலம். நம் தாலுகா அலுவலகத்துத் தாள் ஒன்று கடல் கடந்து வந்து எனக்காகக் காத்திருந்தது போல் தோன்றிற்று. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"பேனா வேண்டாம்" என்றார் ஜோன். "இந்த விளையாட்டுல எதையும் பேனாவுல எழுதறதில்ல." பென்சிலையும் அழிப்பானையும் என் பக்கம் தள்ளினார். அவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன்.

பிறகு, மிகவும் கனிவாக, அவர் கேட்டார்: "உங்க கிளாஸ் என்ன?"

3

கிளாஸ் என்ற சொல்லுக்குப் பள்ளியில் நான் கற்ற தமிழ் வகுப்பு. வகுப்பு என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் உள்ள இன்னொரு பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் என் தந்தையிடம் அதைத்தான் கேட்டார். வேலைக்கு மனுப் போட்டபோது கேட்டார்கள். கலைவாணிக்குக் கல்லூரி கிடைத்தபோது சான்றிதழுக்காக மூன்று முறை தாலுகா அலுவலகம் சென்றேன். பச்சை மையில் ஒரு கையொப்பம், அதன்மேல் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை. அரசு கேட்டால் சான்றிதழைக் காட்டுவோம். தனி மனிதர் நேரே கேட்க மாட்டார். எந்தத் தெரு என்பார்.

ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ட்ராம் ஓட்டிய ஓர் அம்மையார் நேரே கேட்டுவிட்டார். அவர் முகத்தில் வேறு எண்ணம் எதுவும் தெரியவில்லை. கேட்ட முறைக்கு மதிப்பளித்து, சான்றிதழில் உள்ளபடி, தாழ்ந்த குரலில் சொன்னேன்: "ஷெட்யூல்டு."

டேவ் புத்தகத்தைத் திறந்தார். பொருளடக்கத்தை விரலால் தடவினார். பின்பக்கத்து அகரவரிசையைப் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார்.

"இதுல இல்லையே. எந்தப் புத்தகத்துல வருது? பழைய பதிப்பா?"

"ஆம். மிகப் பழைய பதிப்பு" என்றேன்.

"நான் எல்லாப் பதிப்பும் வெச்சிருக்கேன்" என்றார் டேவ், சற்றே மனம் புண்பட்டவராக.

ஜோன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை; இன்றுவரை நான் கேட்கவில்லை. "புத்தகத்துல இல்லாட்டி என்ன, நாமே ஒண்ணு செஞ்சுக்கலாம். அந்த வகுப்பு என்ன செய்யும்?" என்றார்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. அந்த வகுப்பு எதைச் செய்யக் கூடாது என்பதைப் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது என்ன செய்யும் என்று அன்றுதான் ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கூறி எழுந்துவிட்டேன்.

4

அந்த ஒரு வாரம் எதை நினைத்தேன் என்றால், ஒலிபெருக்கியை.

மார்கழியில் எங்கள் ஏரி நிரம்பியிருக்கும். விடியற்காலையில் கோயில் கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கியில் பாசுரம் பாடுவார்கள். நீரின்மேல் அந்த ஒலி தெளிவாக வரும். அக்கரையில் கட்டாந்தரையில் போர்வையோடு உட்கார்ந்து கேட்பேன். கோயில் எங்களுக்கு மூடியிருக்கவில்லை. சட்டம் எப்போதோ கதவைத் திறந்துவிட்டது. எவரும் என் தந்தையைத் தடுத்ததாகவும் நான் அறியேன். ஆயினும் அவர் முன்வாசல் வழியாக நுழைந்து நான் கண்டதில்லை. ஒலிபெருக்கி மட்டும் இக்கரை அக்கரை பார்க்கவில்லை.

அப்படிக் கேட்டே மனப்பாடம் செய்தேன். காற்று மாறும்போது சில எழுத்துகளை நீர் விழுங்கிவிடும். விழுங்கிய இடங்களை நானே இட்டு நிரப்பினேன். பிற்பாடு உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக் கடையில் புத்தகம் வாங்கி ஒப்பிட்டபோது, ஏழு இடங்களில் என் சொற்கள் வேறாக இருந்தன. திருத்திக்கொண்டேன். திருத்திய பின்னும் நாக்கு பழைய சொல்லுக்கே ஓடும்.

பாசனத் துறையில் லஸ்கர் வேலை கிடைத்தது. லஸ்கர் என்றால் ஏரியின் மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று முறைவைத்து விடுபவன். மதகடியில் நின்று பாடுவேன். பெரும்பாலும் தாயின் குரலில் அமைந்தவற்றை. நம் பக்திப் பாடல்களின் இயல்பு உங்களுக்குத் தெரியும். தாடி நரைத்த அடியார் ஒருவர் ஒரு பாட்டில் குழந்தையை நீராட அழைக்கும் தாயாகிறார். அடுத்ததில் வளையல் கழன்று விழ வாடும் பெண்ணாகிறார். பின்னர் அப்பெண்ணுக்காகப் பேசும் தோழியாகிறார். இன்னவர் இன்னாராகலாம் என்று எவரும் அவரிடம் சான்றிதழ் கேட்டதில்லை. சான்றிதழ் கேட்ட இடம் பாட்டுக்கு வெளியே இருந்தது.

ருக்மணிக்கு இதில் ஒரு தீராத கேலி உண்டு. "மீசைய முறுக்கிக்கினு, குளிக்க வா கண்ணான்னு பெருமாள கூப்புட்றாரு. பெத்த பொண்ண ஒரு நாளு குளிப்பாட்டி கீறாரா கேளு" என்பாள். உண்மைதான். ஒரு நாளும் குளிப்பாட்டியதில்லை.

5

அடுத்த வியாழனன்று ஜோன் விதிகளைச் சொன்னார். புத்தகத்தில் மறவர், பூசகர், பாணர், கள்வர், மந்திரவாதி என்று பல வகுப்புகள் உள்ளன. தொடக்கத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் அது சிறையன்று. ஆள் ஒரு படி ஏறும்போது, விரும்பினால் வேறொரு வகுப்பின் முதற்படியையும் சேர்த்துக்கொள்ளலாம். மறவராகத் தொடங்கியவர் பாதியில் பாணரும் ஆகலாம். மூன்றாம் படியில் ஒவ்வொரு வகுப்பும் கிளை பிரியும். எதுவும் பொருந்தாவிட்டால், மேசையில் உள்ளோர் கூடிப் புதிதாக ஒன்றை அமைக்கலாம். அதற்கு ஒரே நிபந்தனை, சமநிலை. ஒரு வரத்தைப் பெற்றால் வேறொன்றை விட வேண்டும்.

பாணருக்குப் பாட்டால் பிறரைத் தேற்றும் ஆற்றல் உண்டு, அதை எடுத்தேன். பூசகருக்குத் தெய்வம் நேரே செவிசாய்க்கும், அதையும் கேட்டேன். டேவ் அவ்வளவு தர முடியாது என்றார். வாளையும் கவசத்தையும் விட்டுக்கொடுத்தேன். "கவசம் இல்லாம முதல் சண்டையிலேயே செத்துடுவீங்க" என்று எச்சரித்தார். "கவசம் என்றும் இருந்ததில்லை" என்றேன். பின்னர் என் சொந்தச் சேர்க்கை ஒன்று: நீரின்மேல் பாடினால் அக்கரை வரை கேட்கும்.

"இது பெரிய வரம்" என்றார் ஜோன். "இதுக்கு ஈடா ஒரு தடை வேணும்."

எண்ணாமலே வாயில் வந்தது. "எந்தக் கோட்டையிலும் கோயிலிலும் முன்வாசல் வழியாக நுழைய இயலாது."

ஜோன் பென்சிலை நிறுத்தினார். "இது ரொம்ப மோசமான விதி. இதை வெச்சுக்கிட்டு யார் விளையாடுவாங்க?"

"நிறையப் பேர் விளையாடினார்கள்" என்றேன்.

ஜோன் தாளை என்னிடம் தந்து, உங்கள் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தமிழில் எழுதினேன்: முன்வாசல் வழியாக நுழைய இயலாது. டேவ் அந்தச் சுழிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இது எத்தனாவது படியில கழண்டு போகும்?"

அவர் கேட்டது விளையாட்டின் நியாயத்தில். தடைகள் அந்த விளையாட்டில் என்றைக்காவது கழல்வதற்கென்றே வைக்கப்படுகின்றன.

பின்புலம் என்ற கட்டம் மீந்திருந்தது. புத்தகத்தில் உள்ளதை எடுக்க வேண்டியதில்லை, புதிதாகவும் எழுதலாம், பிறகு மாற்றவும் செய்யலாம் என்றார் ஜோன். "ஆனா மேசையில இருக்கிற எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் மாத்தணும். சொல்லாம மாத்தினா அதுக்கு வேற பேரு. அப்புறம், ஒருத்தர் தாளை இன்னொருத்தர் அழிக்கக் கூடாது."

6

அப்போதெல்லாம் இது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. சங்கத்தின் தாள் வந்தபோது இவ்விரு விதிகளும் நினைவுக்கு வந்தன.

கலைவாணி முதியோர் இல்லத்தில் செவிலி. பிற்பகலில் தன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபார்ம்ல தெருவு தப்பா கீதே, கலை."

"தப்பு இல்ல நைனா. நாந்தான் எழுதனேன்."

"அது தெரியும்."

"அப்பறம் இன்னா?" என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. "எனக்கு டூட்டி மாறனா வரதராஜன் வூட்டு மாலதி அக்கா தான் இனியாவ இட்டுக்கினு போயி வெச்சிக்கறாங்க. அவங்க பூஜை ரூம் வரைக்கும் போய் வெளாடுது அது. ஒரு தெருவு பேரால அதெல்லாம் போவணுமா?"

"போவும்னு யாரு சொன்னது?"

"போவாதுன்னு நீ சொல்லு பாக்கலாம்."

சீருடையை மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

"காலேஜ் ஹாஸ்டல்ல என் டம்ளர மட்டும் தனியா வெச்சாளுங்க. சிரிச்சிக்கினே வெச்சாளுங்க. உன்கிட்ட சொல்லல, ஃபீஸ் கட்டிட்டு பஸ்ல நின்னுக்கினே போன, எப்பிடி சொல்றது. அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே எவ கேட்டாலும் சந்நிதித் தெருவுன்னு. இவ்ளோ தூரம் வந்தும் அதையே தூக்கிக்கினு அலையணுமா?"

டம்ளர் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். இருபது ஆண்டு கழித்து.

"மாத்திக்கறது தப்புன்னு நான் சொல்லலம்மா. அந்த வெளாட்டுல கூட மாத்திக்கலாம். ஆனா மேஜையில கீறவங்களுக்கு தெரிஞ்சி மாத்தணும்னு ஒரு விதி கீது."

"அது வெளாட்டு நைனா."

"ஆமா. அதான் எல்லாரும் விதிப்படி நடக்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன்: "பொய்த் தெருவு பேர சொல்ல வெச்சி சாமி முன்னாடி பாட எனக்கு வாய் வராது. ஆனா நான் அழிக்க மாட்டேன். நீ எழுதனது, அழிக்கறதுன்னா நீ தான் அழிக்கணும். வேணான்னா, எனக்கு தொண்டை கட்டிக்கினுதுன்னு சொல்லிடு."

"அதுவும் பொய் தான?"

"அது சின்ன பொய்" என்றாள் ருக்மணி, அடுப்படியிலிருந்து. "ஒரு வாரத்துல சரியாப் பூடும்."

தாளை மேசைமீது வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அது அங்கே இல்லை. அனுப்பிவிட்டாளா, எப்படி அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தொண்டை கட்டியதாக யாரும் விசாரிக்கவும் இல்லை. பாடும் பட்டியலில் என் பெயர் இருந்தது.

7

இங்கே மார்கழி கடுங்கோடை. ஞாயிறு காலை பத்து மணிக்கே மண்டபத்தின் தகரக் கூரை சுட்டது. பெருமாள் படத்துக்கு இரு புறமும் மின்விசிறி. வரதராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று ஒவ்வொரு தாளாக வாசித்தார். நான் ஐந்தாவது.

"அடுத்து பாட வர்றவர் நம்ம கோவிந்தன் ஐயா. ஊர் உத்திரமேரூர் பக்கம்."

நிறுத்தினார். தாளைக் கண்ணருகே கொண்டு சென்றார். நான் நின்ற இடத்திலிருந்து அதன் பின்புறம் தெரிந்தது. ஒரு வரியைப் பேனாவால் அழுத்தி அடித்த தடம் மறுபக்கம் புடைத்திருந்தது.

"ஏரிக்கு அக்கரை, காலனி" என்று வாசித்தார்.

கூடத்தில் பெரும்பாலோர் வேறு மாவட்டத்தார், வேறு நாட்டார்; அவர்களுக்கு அது வெறும் முகவரி. ஐந்தாறு பேருக்கு மட்டும் அது முகவரிக்கு மேற்பட்டது. மாலதி திரும்பிக் கலைவாணியைப் பார்த்தார். கலைவாணி இனியாவின் தோளில் கை வைத்து நேரே அமர்ந்திருந்தாள். பார்வையைத் தாழ்த்தவில்லை. என் மகளின் கழுத்து அவ்வளவு நிமிர்ந்து நான் அதற்கு முன் கண்டது, அவளுக்கு வேலை கிடைத்த அன்றுதான்.

தாயின் குரலில் அமைந்த பாசுரத்தைப் பாடினேன். பிழையின்றிப் பாடினேன் என்று சொல்ல இயலாது. இரண்டாம் அடியில், புத்தகச் சொல்லுக்குப் பதிலாக ஏரி கற்றுத்தந்த சொல்லே வந்துவிட்டது.

மதிய உணவில் வரதராஜனே பரிமாறினார். என் இலையருகே வந்து சாம்பார் ஊற்றினார். போகவில்லை.

"ரெண்டாவது அடியில பாடம் வேறயா இருந்துச்சே?"

"அக்கரைப் பாடம்" என்றேன். "பாடபேதம்."

அவருக்குச் சிரிப்பு வந்து நின்றுவிட்டது. "அரசு உத்தியோகம்னு சொன்னீங்க. இன்னா உத்தியோகம்?"

"லஸ்கர். அந்த ஏரியில."

"எங்க தாத்தா நெலம் மூணாவது மதகு பாய்ச்சல்."

"தெரியும். கடைமடை. முறைப்படி தண்ணி வுட்டேன்."

அவர் தலையசைத்து அடுத்த இலைக்குச் சென்றார். ஐயா என்று சொன்னாரா என்று ருக்மணி பின்னர் கேட்டாள். அந்தப் பேச்சில் சொல்லவில்லை. ஆனால் அப்பளம் இரண்டாம் முறை வந்தது என்றேன்.

8

மாலதி நாள்தோறும் தொலைபேசுபவர். திங்களன்று அழைப்பு இல்லை. செவ்வாயன்றும் இல்லை. கலைவாணி தன் பணிநேரத்தை மாற்றிக் கேட்டு இனியாவை ஒவ்வொரு பிற்பகலும் தானே பள்ளியிலிருந்து அழைத்து வந்தாள். புதனன்று மாலை அழைப்பு வந்தது. இனியாவின் நீச்சல் வகுப்புக்குத் தாமே கூட்டிச் செல்வதாக மாலதி சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை. பூஜை அறை வரை இனியா இனியும் போவாளா என்பது நீச்சலில் தெரியாது. குடும்ப மரத்தில் என் பெயருக்குக் கீழே வெள்ளைத் தாள் ஒட்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் என்று புதிதாக எழுதப்பட்டுள்ளது. இனியா ஏரியை நீல நிறத்தில் வரைந்தும் இருக்கிறாள். அதில் ஏனோ பென்குயின் இருக்கிறது.

வியாழனன்று நூலகத்துக்குச் சென்றேன். என் ஆள் இப்போது மூன்றாம் படியில் இருக்கிறான். கவசமில்லாமலும் இன்னும் சாகவில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். டேவ் தம் பழைய கேள்வியை மறக்கவில்லை.

"அப்போ அந்தத் தடை கழண்டுடுச்சா?"

"பாதி" என்றேன்.

"பாதி கழலறதுன்னு விதியில கிடையாது" என்றார் ஜோன்.

"அந்த வகுப்பே புத்தகத்துல கிடையாதே" என்றார் டேவ்.

ஜோன் சற்று யோசித்து அழிப்பானை என் பக்கம் தள்ளினார். நான் தாளை விரித்து, அந்த வரியின் கடைசிச் சொல்லான இயலாது என்பதை மட்டும் அழித்தேன். முன்வாசல் வழியாக நுழைய, என்பது வரை நிற்கிறது. வினைமுற்றுக்கு இடம் விட்டிருக்கிறேன்.